வியாழக்கிழமையை விட்டு நகராத கணினி

கணினிக் கடைச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், அடிக்கடி வந்து பழைய கதை பேசி உங்கள் வேலையைக் கெடுக்கிறேன் என்று சலித்துக்கொள்கிறீர்கள். சலித்துக்கொள்ளுங்கள். அனுபவத்தை உங்களுக்கு ஓசியில்தான் தருகிறேன். நான் அதை விலை கொடுத்து வாங்கினேன்.

இன்றைக்குச் சொல்லப்போவது ஒரு இணையதளம் திறக்காத கதை. இந்தத் தொழிலில் ‘எதுவுமே ஓடவில்லை’ என்று வருகிறவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கம்பி எங்கேயோ அறுந்திருக்கும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும்போது உள்ளே கிடக்கும் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடும், தேடினால் கிடைத்துவிடும். ‘எல்லாம் திறக்கிறது, ஒன்றுமட்டும் திறக்க மாட்டேன் என்கிறது’ என்று வருகிறவரிடம்தான் கவனம் வேண்டும். அந்த ‘ஒன்றுமட்டும்’ என்பதற்கு அவர் வீட்டில் ஏற்கெனவே யாராவது ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். நீங்கள் போய்ச் சேரும்போது அந்தக் காரணம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வீடுகளுக்குள் அகண்ட அலைவரிசை இணைப்பு வரத் தொடங்கிய காலம். எட்டயபுரம் சாலையில், கோவில்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. தொழிற்சாலை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது, ஆபீஸ்தான். முதலாளி வீடும் அதே வளாகத்தில். சுற்றிலும் உடைமரம், அதற்கப்பால் வானம் தொடுகிற வரைக்கும் கறுப்பு நிலம். அவருடைய ஒரே மகன் கதிரேசனுக்குக் கணினி விற்றவன் நான்தான். கெட்டிக்காரப் பையன். வாங்கிய ஒரே மாதத்தில் எனக்கே பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். முந்தின ஆண்டு சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பைக்கில் கிளம்பியவன், சாலையோரம் நின்ற லாரியில் மோதிப் போய்விட்டான். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அவன் மனைவி சுமதிதான் அடுத்து வந்த பங்குனி மாதம் ஒரு நாள் கடைக்குப் போன் செய்தாள். நர்சிங் படித்த பெண். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் அனுப்பி, போனிலேயே பேசித் தேர்வும் செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் தளத்துக்குள் போய், வேலைக்குச் சம்மதம் என்று ஓரிடத்தில் அமுக்க வேண்டும். அதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற தளமெல்லாம் திறக்கிறது, மெயில் வருகிறது, இந்த ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது என்றாள். பஜாரில் ஏதாவது பிரவுசிங் சென்டரில் யாரையாவது விட்டுத் திறந்து அமுக்கச் சொல்லிவிடேன் அம்மா, இதற்குப் போய் என்னைக் கூப்பிடுவானேன் என்று கேட்டேன்.

"வெளிய தொறந்தா மாமா ஒத்துக்கிட மாட்டாவ அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவ மெஷின்லதான் தொறக்கணுமாம்" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் மாமனார் எதைத் தொடங்கினாலும் குலசாமி கோயிலில் போய் உத்தரவு கேட்கிற மனிதர். பூக்கட்டிப் பார்ப்பார், பல்லி சொல்ல வேண்டும் என்று காத்துக்கிடப்பார். புது மெஷின் இறக்குவதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் அப்படித்தான். மருமகள் வேலைக்குப் போவதில் அவருக்கு மறுப்பு இல்லை; மகனின் தலைத்திவசம் முடிந்து வைகாசியில் போகட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் முறை எல்லோரும் சுற்றி நிற்க அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, அது ஒன்று மட்டும் திறக்கவில்லை. கதிரேசனின் கணினி, கதிரேசனின் அறை. அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் உத்தரவு கொடுக்கவில்லை, கொடுத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

திருட்டுத்தனமாக அமுக்கிவிட்டுப் போகலாம்தான். ஆனால் சுமதிக்குத் தாயும் தகப்பனும் இல்லை. அண்ணன் வீட்டில் அண்ணி ராஜ்யம். லீவில் வந்து தலைசாய்க்க அவளுக்கு இருந்தது இந்த வீடு ஒன்றுதான். மாமனார் மனசார அனுப்பாவிட்டால் அவள் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இல்லாமல் போகும். இது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

பிற்பகலில் போனேன். முதலாளி சாத்தூர் போயிருந்தார். அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டை ஆணியில் தொங்குகிறது. பைக் சாவிக் கொத்து மேசையில் இருக்கிறது. எல்லாவற்றின் மேலும் தூசி, கரிசல் காற்று கொண்டுவந்து போடுமே, அந்த மாவு போன்ற தூசி. ஆனால் விசைப்பலகையும் மவுசும் மட்டும் துடைத்த மாதிரி சுத்தம். சுமதி மெயில் பார்க்கிறாளே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பார்வையிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. கணினியின் தேதி கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்னால் நின்றது. உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: முகவரியில் பூட்டுப் படம் போட்டு வருகிற தளங்களுக்கு ஒரு சான்று உண்டு, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று. உலாவி தன் கணினியின் தேதியை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கும். தேதி பின்தங்கியிருந்தால், இந்தச் சான்று இன்னும் பிறக்கவே இல்லையே என்று கதவைச் சாத்திவிடும். பழைய சான்று வைத்திருக்கிற தளங்கள் திறக்கும். அண்மையில் புதுச் சான்று வாங்கிய ஆஸ்பத்திரித் தளம் திறக்காது. தேதி இவ்வளவு தூரம் பிந்திவிட்டால், இணையத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் கையை விரித்துவிடும். உள்ளே இருந்து நேரத்தைக் காக்கிற, காசு போன்ற பேட்டரி செத்திருக்கும் என்று புதுசு போட்டு, தேதியைச் சரிசெய்தேன். பக்கம் பளிச்சென்று திறந்தது.

சுமதி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவள் திரையைப் பார்த்தபடி தயங்கி நின்றாள். பிறகு ஒன்றைக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காக அவள் போன மாதம் தட்டச்சு செய்து சேமித்த தன்விவரக் கோப்பு. அது எழுதப்பட்ட நாள் என்று முந்தின ஆண்டின் ஒரு சித்திரை வியாழக்கிழமை பதிவாகியிருந்தது.

"அவிய இருந்த கடைசி நாளு அண்ணாச்சி. மறுநாத்தான் போனாவ" என்றாள். சத்தம் உயரவில்லை.

தேதி எங்கேயாவது போய் நிற்கத்தானே செய்யும், தற்செயலாக அந்த நாளில் நின்றிருக்கிறது என்று சமாதானம் சொல்லி, கூலியும் வாங்காமல் கிளம்பினேன். மாமா வந்ததும் அவர் கண்முன்னால் திறந்து காட்டு என்றேன்.

மறுநாள் சாயந்தரம் முதலாளியே போன் செய்தார். வாங்க தம்பி என்று மட்டும் சொன்னார். போனேன். கணினிக்கு முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கோயிலில் நிற்கிற மாதிரி. பக்கம் வெள்ளையாக இருந்தது. மூலையில் தேதியைப் பார்த்தேன். அதே வியாழக்கிழமை.

புது பேட்டரி. முந்தின நாள்தான் போட்டது. இங்கேதான் தம்பிகளா, தங்கச்சிகளா, நீங்கள் காது கொடுக்க வேண்டும். பேட்டரி செத்துப்போனால் தேதி எங்கே போகும்? அந்த மெஷினைச் செய்தவன் எழுதி வைத்த ஆதி தேதிக்குப் போகும். ஏதோ ஒரு வருடத்தின் தை முதல் வாரம் மாதிரி. அது ஒரு வீட்டில் சாவு விழுவதற்கு முந்தின நாளைத் தேடிப்போய் நிற்காது. இதை நான் முதல் நாளே யோசித்திருந்தால் பேட்டரி மிச்சம். யோசித்தது அந்தச் சாயந்தரம், அந்த அறையில், ஆணியில் தொங்கிய சட்டைக்குப் பக்கத்தில். சட்டை மின்விசிறிக் காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது என்று உங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அந்தச் சாயந்தரம் நீங்கள் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

நேற்று எனக்குத் திறந்ததே என்று மெதுவாகச் சொன்னேன்.

"உங்களுக்குத் தொறந்துச்சு. அவளுக்குத் தொறந்துச்சு. நான் வந்து நின்னா மூடிக்கிடுது. என் கண்ணுல பட விட மாட்டேங்கானே தம்பி" என்றார்.

அந்த மனிதர் மருமகளை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. முகத்தில் பயமும் ஆசையும் கலந்திருந்தன. மகன் இன்னும் அந்த வீட்டில் ஏதோ ஒன்றைச் சொல்கிறான் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவன் போக வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும், சொல்கிறானே. தேதியைத் திருத்தக் கையை நீட்டினேன். தொடாதீங்க என்று தடுத்துவிட்டார். அவன் வைத்த தேதி, அப்படியே இருக்கட்டும் என்றார். வாசலில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். நாளைக்குக் கடைசி நாள் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் இதுதான் ஓடியது. எனக்கு ரேடியோவும் டி.வி.யும் ரிப்பேர் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, யாரோ செய்யச் சொன்னதைத்தான் அது செய்யும், கோளாறு புரியாவிட்டால் மெஷினைத் திறக்காதே, வீட்டைப் பார். அவர் முன்கோபக்காரர், பாதி நாள் என்னைத் திட்டுவதிலேயே போகும். ஆனால் அந்தச் சொல் அன்றைக்கு உதவியது. மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமலே, மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன்.

கணினியைப் போட்டதும் தேதியைப் பார்த்தேன். வியாழன் இல்லை. வெள்ளி. கதிரேசன் செத்த வெள்ளிக்கிழமை.

ஒரு நிமிடம் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு மனசு தெளிந்தது. முதலாளி தொடவிடாமல் விட்ட வியாழக்கிழமை, ராத்திரி தாண்டி, ஒழுங்காக வெள்ளிக்கிழமை ஆகியிருக்கிறது. அப்படியானால் கடிகாரம் சுத்தமாக ஓடுகிறது. கோளாறு எதுவும் இல்லை. நான் பார்த்த இரண்டு முறையும் பிற்பகலுக்கு மேல் வியாழன். இப்போது காலையில் வெள்ளி. ஆக, ஒவ்வொரு நாளும் காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவில் யாரோ இதை வியாழனுக்குத் திருப்பி வைக்கிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. சுமதியாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவளுக்கே போக மனசில்லையோ என்று. சந்தேகம் வந்துவிட்டால் எவரையும் விட்டுவைக்காது.

தேதியைத் தொடாமல் கணினியை அணைத்துவிட்டு வெளியே வந்து, மத்தியானம் வரை கூடத்தில் இருக்கிறேன் என்று சுமதியிடம் சொன்னேன். மோர் கொண்டுவந்து வைத்தாள்.

உச்சி வேளையில் கரிசல் காட்டில் நின்றிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் ராத்திரிக்குப் பயப்படுவதைவிட அந்த நேரத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். நிழல் காலடிக்குள் போய்விடும், காக்காய் கத்தாது, பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். ஆபீஸில் சாப்பாட்டு மணி அடித்தது. பெண்களின் பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முதலாளி ஆபீஸ் அறையிலேயே கட்டிலில் சாய்ந்துவிடுவார். சுமதி அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். தீக்குச்சி மருந்தும் மெழுகும் கலந்த வாடை மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நான் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அறைக்குள்ளிருந்து கணினியின் காற்றாடி ‘உம்’மென்று சுற்ற ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. நான் யாரும் உள்ளே போவதைப் பார்க்கவில்லை. அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. பிறகு ஒரு குரல், வெகு சன்னமாக, சாப்பிட்டியா என்று கேட்டது. கொஞ்ச நேரம் விட்டு, அவசரப்படாம சாப்பிடு என்றது. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அறை வாசலுக்குப் போனேன். உள்ளே கணினிக்கு முன்னால் கதிரேசனின் அம்மா உட்கார்ந்திருந்தார். இந்த மூன்று நாளில் அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் இருக்கிறாரா என்றுகூட நான் கவனித்ததில்லை. மவுசின் மேல் கை வைத்திருந்தார், தூங்குகிற பிள்ளையின் தலையில் வைக்கிற மாதிரி. திரையில், மூலையில் மணி காட்டும் இடத்தை இரண்டு தட்டுத் தட்டினால் வருமே, அந்தப் பெட்டி. ஒரு பக்கம் மாதக்காட்டி. மறுபக்கம் முள் ஓடுகிற கடிகாரம். மாதக்காட்டியில் வியாழக்கிழமை நீலமாக நின்றது. வினாடி முள் சுற்றிக்கொண்டிருந்தது.

அது தேதியைத் திருத்துகிற இடம். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அதை நாள்காட்டியாகத்தான் வைத்திருந்தார்கள். முகூர்த்தம் என்ன கிழமை, பொங்கல் என்ன கிழமை என்று அதில் பார்ப்பார்கள். பார்த்து முடித்து ஓகே அமுக்கி, கணினியை ஆறு மாதம் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எத்தனை வீடுகளில் இதற்காக நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. நான் கேட்காமலே சொன்னார். கிழமை பார்க்கக் கதிரேசன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான், முடிந்ததும் ஓகே அமுக்க வேண்டும் என்று. அவன் போன சில மாதம் கழித்து, அவன் முழுசாக வீட்டில் இருந்த கடைசி நாள் என்ன கிழமை என்று ஒரு நாள் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பழக்கத்தில் ஓகே அமுக்கியிருக்கிறார். அன்றைக்கே சாயந்தரம் வந்து பார்த்தால் மெஷின் அந்த நாளிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"மொதல்ல தெரியாமத்தான் அமுக்கினேன். பொறவு பாக்குதேன், அந்த நாளு ஓடுது தம்பி. வியாழக்கெழமை. அன்னைக்கு அவன் வீட்டுலதான் இருக்கான். ஆனா விட்டா மறுநா ஆயிருது. மறுநா ரெண்டு மணிக்குத்தான் அவன் வண்டிய எடுத்தான். அதுக்குள்ள வந்து திருப்பி வச்சிருவேன்" என்றார்.

தினமும். ஒரு நாள் தவறாமல், உச்சி வேளையில், எல்லோரும் அசந்திருக்கும்போது. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணியை அவர் மாதக்கணக்காக வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் சுமதி வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அவளுக்கும் இதற்கு முன்னால் தெரியாது. அன்றைக்குக் கடைசி நாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் நின்றாள்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு மூன்று வழி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம். அந்தப் பெண்ணின் வேலை போகும். அந்த அம்மா எழுந்து போனதும் தேதியை மாற்றி, இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடலாம். அந்த வேலைக்கு எனக்கு ஐந்து நிமிடம் ஆகாது, கைக்கு அரிப்பும் இருந்தது. ஆனால் நாளை உச்சி வேளையில் வந்து அவர் தட்டிப் பார்ப்பார், திறக்காது. ஒரு தாயின் முகத்தில் கதவைச் சாத்த நான் யார்? மூன்றாவது, உள்ளதைச் சொல்வது. சொன்னால் அந்த அம்மா தாங்குவாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் சொன்னேன். உங்களுக்கும் பலமுறை அப்படித்தான் நேரும். விளைவு தெரிந்தபின் முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் கடைசி நாள் முடிந்துபோகும்.

தரையில் உட்கார்ந்து, சான்று, பூட்டு என்றெல்லாம் பேசாமல் சொன்னேன். அம்மா, இந்த மெஷின் தனக்கு என்ன தேதியோ அதை வைத்துத்தான் வெளியே பார்க்கும். அந்த வியாழக்கிழமையில் நிற்கிறவரை, அதற்குப் பிறகு வந்தது எதுவும் இதன் கண்ணுக்குத் தெரியாது. சுமதிக்கு வேலை வந்திருப்பது அதற்குப் பிறகு. அதனால்தான் அவள் பக்கம் இதில் திறக்கவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுமதியைப் பார்த்தார், வெகுநேரம்.

"அப்ப நான் அவனை மட்டும் பிடிச்சு வைக்கலியா. இவளையும் சேத்துல்லா பிடிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

சுமதி அருகில் வந்து, வேண்டாம் அத்தை, வேற வேல பாத்துக்கிடலாம் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அந்த நொடியில் அவள் மனசு அப்படித்தான் இருந்தது. அந்த அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, மவுசை எடுத்தார்.

வருடத்தை முதலில் மாற்றிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நான் வழக்கம்போல வாயைக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமாகத்தான் நகர்த்தினார். வைகாசியில் நிறுத்தி, உன் கல்யாண நாளு என்றார். ஆடியில், நீ காச்சல்ல கெடந்த என்றார். இன்னொரு மாதத்தில், ஆபீஸை மறுபடியும் திறந்ததைச் சொன்னார். ஐப்பசியில், தீவாளிக்கு நாம அடுப்பே பத்தவைக்கல என்றார். மார்கழியில் வருடத்தை ஒன்று ஏற்றிவிட்டு, தைக்கு வந்தார். அவர் நாட்களைத் தள்ளிவிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அவர் இதுவரை வாழாமல் விட்ட மாதங்களை வரிசையாக வாழ்ந்துகொண்டிருந்தார். சுமதி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பங்குனி வந்தது. அன்றைய தேதி நீலமானது. அவர் விரல் ஓகேயின் மேல் நின்றது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். முதலாளி எழுந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை; அவர் கண்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுவதும் கேட்டிருப்பார் போலத்தான் இருந்தது.

அந்த அம்மா அமுக்கினார். பெட்டி மறைந்தது. சுமதி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படம் மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. அந்த அம்மா நாற்காலியிலிருந்து திரும்பாமலே கணவரிடம் பேசினார்.

"உத்தரவு கேட்டியள்லா. அவன் ஒண்ணும் அடைக்கல. நாந்தான் அடைச்சு வச்சிருந்தேன். தொறந்துட்டேன்."

முதலாளி தலையை ஆட்டினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அமுக்கு தாயி என்று அந்த அம்மா சொன்னார். சுமதி அமுக்கினாள். சம்மதம் பதிவானது என்று இரண்டு வரி வந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அந்த அறையில் என்னால் ஆனது அவ்வளவுதான்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினேன். ஆபீஸில் மறுபடியும் வேலை தொடங்கும் மணி அடித்தது. அந்த அம்மா திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி தாண்டியிருந்தது.

"அவன் இப்பப் போயிட்டானா, சுமதி?"

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையை மவுசிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயிட்டாவ, அத்தை" என்றாள்.